பறையடியை நறுக்குவது எப்படி? டேப்லெட் இசை: வாசகர் கேள்வி பதில்

டேப்லெட்டில் ஒலியைப் பதிந்து, துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளை வைத்து இசை அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் தெருப் பறைக்குழு அடித்ததைப் பதிந்து வைத்திருக்கிறேன். செயலியில் ‘ஆட்டோ’ நறுக்கல் போட்டால் 32 அடிக்கு 70 துண்டு வருகிறது. சென்சிடிவிட்டியை (அடியை உணரும் திறனை) குறைத்தால் மெல்லிய அடிகள் காணாமல் போகின்றன. என்ன செய்வது? (வியாசர்பாடி வாசகர்)

ஒலி சட்டென்று உயரும் இடத்தையெல்லாம் செயலி ஓர் அடியாக எடுத்துக்கொள்கிறது. பறையில் அப்படி உயரும் இடங்கள் அதிகம். குட்டையான தடித்த குச்சியும் நீளமான மெல்லிய குச்சியும் பல அடிகளில் சரியாக ஒன்றாக விழுவதில்லை. 20, 30 மில்லி நொடி முன்பின்னாக விழும். நம் காதுக்கு அது ஒரே அடி, செயலிக்கு இரண்டு. குழுவாக அடிக்கும்போது ஆளுக்கு ஆள் இந்த இடைவெளி மாறும். சுவர் வேறு இருக்கிறது. 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு ஒலி திரும்பிவர ஏறக்குறைய 30 மில்லி நொடிதான் ஆகும். அதுவும் ஒரு துண்டாகிவிடும்.

மெல்லிய அடி தொலைவதற்குக் காரணம் வேறு. பலமான அடியின் கார்வை (அடித்த பிறகும் நீளும் ஒலி) அடங்குவதற்குள் அது விழுகிறது. கார்வைக்கு மேலே தலை தூக்காத அடியைச் செயலியால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் சென்சிடிவிட்டியை மட்டும் ஏற்றி இறக்கி இந்தச் சிக்கல் தீராது.

முதலில் வேகத்தைக் கணக்கிடுங்கள். அடி நிமிடத்துக்கு 110 என்றால் ஒரு அடிக்கு 0.545 நொடி, அதில் கால் பங்கு 136 மில்லி நொடி. கால் அடியை விட நெருக்கமாக எதுவும் வாசிக்கவில்லை என்றால், 136-க்குக் குறைவான இடைவெளியில் விழும் வெட்டுக் கோடுகள் எல்லாம் குச்சி முன்பின்னாக விழுந்ததோ எதிரொலியோதான். செயலியில் குறைந்தபட்சத் துண்டு நீளம் என்ற அமைப்பு இருந்தால் 70 மில்லி நொடி வையுங்கள். இல்லாவிட்டால் சென்சிடிவிட்டியை நடுவில் நிறுத்தி, இரட்டைக் கோடுகளில் இரண்டாவதைக் கையால் நீக்குங்கள். முதலாவதை நீக்கினால் அடியின் முனை முந்தைய துண்டோடு போய்விடும். அடி மொட்டையாகக் கேட்கும்.

தொலைந்த மெல்லிய அடிகளுக்குக் கைதான் கருவி. பாட்டை ஓடவிட்டு, அடி விழும்போது தட்டித் தட்டிக் கோடு போடும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. கோவாலா சாம்ப்ளரில் இதற்கு ‘லேஸி’ என்று பெயர். தனியாகக் காசு கட்டும் சாமுராய் தொகுப்பில் வருகிறது. தட்டும் விரல் கொஞ்சம் முந்தும், பிந்தும். ஆகவே கடைசியில் வேவ்ஃபார்மை (ஒலி அலையின் படத்தை) பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டையும் அடியின் தொடக்கத்துக்கு 2 மில்லி நொடி முன்னால் இழுத்து வையுங்கள். 10, 15 மில்லி நொடி மௌனம் முன்னால் விட்டால் அந்தத் துண்டு எப்போதும் தாளத்துக்குப் பின்தங்கியே வாசிக்கும். எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

இன்னொரு முறை பதிய வாய்ப்புக் கிடைத்தால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். திறந்த வெளியில், சுவருக்குத் தள்ளி, ஒரே ஒரு பறை. தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய உடனே பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் விறைப்பு சீக்கிரம் இறங்கிவிடும். முதல் அடியும் பத்தாவது நிமிட அடியும் ஒரே சுதியில் இருக்காது. மைக் ஒன்றரை மீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். அளவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பதிவுச் செயலியில் தானாக ஒலியளவைச் சரிசெய்வது, இரைச்சலை நீக்குவது என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பலமான அடி விழுந்ததும் அளவை அமுக்கி, பிறகு மெல்ல ஏற்றுவதுதான் அவற்றின் வேலை. பறையின் உயிரே அந்த ஏற்ற இறக்கம்தான், அதை அவை தின்றுவிடும்.

துண்டுகளை மாற்றி அடுக்கினால் ஒவ்வொன்றின் முனையிலும் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. (பெரம்பூர் வாசகர்)

அலை, நடுக்கோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கும் இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர் அந்த அளவுக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவல்தான் ‘டிக்’. அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்துக்குக் கோட்டை நகர்த்துங்கள். ஸ்டீரியோ பதிவில் இடமும் வலமும் ஒரே இடத்தில் நடுக்கோட்டைத் தொடாது, ஆகவே தாள ஒலிகளை மோனோவாக மாற்றிக்கொள்வது நல்லது. அட்டாக் (ஒலி ஏறும் நேரம்) 1 மில்லி நொடி, ரிலீஸ் (ஒலி அடங்கும் நேரம்) 5 முதல் 10 மில்லி நொடி வைத்தால் மிச்சமும் போய்விடும். அட்டாக்கை 10-க்கு ஏற்றினால் டிக் போகும், அடியின் கூர்மையும் போகும்.

மிருதங்கத்தை வைத்து மிஸ்ர சாபுவில் ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) செய்யப் பார்க்கிறேன். செயலி எல்லாவற்றையும் 16 கட்டத்துக்குள் திணிக்கிறது. வேகத்தையும் தப்பாகக் காட்டுகிறது. (மயிலாப்பூர் வாசகி)

இந்தச் செயலிகள் பெரும்பாலும் நான்கு அடித் தாளத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 1988-ல் வந்த அகாய் எம்பிசி60 என்ற இசைக் கருவி காலத்து, விரலால் தட்டும் 16 பட்டைகள் இன்றைய தொடுதிரையிலும் அப்படியே இருக்கின்றன. மிஸ்ர சாபுவுக்கு ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்றில்) 7 அட்சரம். ‘தகிட தகதிமி’ 16-ல் அடங்காது.

வேகத்தை ஏன் தப்பாகச் சொல்கிறது என்று பார்ப்போம். உங்கள் ஒரு ஆவர்த்தனம் 2.8 நொடி என்று வையுங்கள். அட்சரத்துக்கு 0.4 நொடி, நிமிடத்துக்கு 150. செயலியோ அந்த 2.8 நொடியில் 8 அடி இருப்பதாக எண்ணி 171.4 என்கிறது, அல்லது 4 அடி என்று 85.7 சொல்கிறது. அந்த எண்ணை நம்பி நீட்டவோ சுருக்கவோ செய்தால் எல்லாம் கெட்டுவிடும். வேகத்தை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: அட்சர எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, ஆவர்த்தன நொடியால் வகுத்தால் சரியான எண்.

தாளக் குறியை 7/4 அல்லது 7/8 என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பேட்டர்ன் (அடிகளை அடுக்கும் சுற்று) நீளத்தை மட்டும் மாற்ற முடிந்தால் 14 கட்டம், அட்சரத்துக்கு இரண்டு. இரண்டும் முடியாத செயலியில் நான்கடி பார் ஏழு வைத்து ஒரே பேட்டர்னாக எடுங்கள்: 28 அடி, நான்கு ஆவர்த்தனம் கச்சிதமாக வந்து முடியும். கண்ட சாபுவுக்கு இதே முறையில் ஐந்து பார், ரூபகத்துக்கு மூன்று. ஆதி தாளத்துக்கு இரண்டு பார் போதும், தொல்லையே இல்லை. மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள், அதன் பலமான தட்டு ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் வேறு இடத்தில் விழுந்து கையைக் குழப்பும். திஸ்ர நடை (அட்சரத்துக்கு மூன்று) வாசித்திருந்தால், அடிகளைக் கட்டத்துக்கு இழுக்கும் குவான்டைசை ட்ரிப்லெட்டில் வையுங்கள். நேர் பதினாறில் வைத்தால் நடையே மாறிவிடும்.

சம துண்டு போடுவதிலும் 4, 8, 16, 32 மட்டுமே தரும் செயலிகள் உண்டு. அங்கே 2.8-ஐ 14-ஆல் வகுத்து, 0.2 நொடிக்கு ஒரு கோடாகக் கையால் போடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மிருதங்கத்தின் ‘தீம்’, ‘நம்’ என்ற சொற்கள் (அடிகள்) அடுத்த சொல் விழுந்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும். நறுக்கினால் அதன் கார்வை பாதியில் அறுந்துபோகும்; அறுந்த பாதி அடுத்த துண்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். வரிசை மாற்றியதும் இல்லாத ஒரு சுரம் கேட்பது இதனால்தான். வாசித்த ஆவர்த்தனத்தை நறுக்குவதோடு, ஒவ்வொரு சொல்லையும் தனியாக, 2 நொடி இடைவெளி விட்டு, மெதுவாகவும் பலமாகவுமாக ஐந்தாறு தடவை வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். நீண்ட கார்வை வேண்டிய இடத்தில் இந்தத் தனித் துண்டுகளைப் பயன்படுத்துங்கள்.

சோக் குரூப் என்ற அமைப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒரே குரூப்பில் உள்ள துண்டுகளில் ஒன்று ஒலித்தால் மற்றது நின்றுவிடும். வலந்தலை (வலது முகம்) துண்டுகளை ஒரு குரூப்பிலும், தொப்பி (இடது முகம்) துண்டுகளை இன்னொன்றிலும் போடுங்கள். வலந்தலையில் மூடி வாசிக்கும் சொல் ‘தீம்’மை அடக்க வேண்டும், தொப்பியின் கும்கி என்ற குழையும் ஒலியை அது தொடக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே குரூப்பில் போட்டால் இரண்டு கை வாசிக்கும் வாத்தியம் ஒரு கை வாத்தியமாகச் சுருங்கிவிடும்.

5 கட்டைச் சுதியில் பதிந்ததை ஐந்தரைக் கட்டைக்கு ஏற்ற முடியுமா? வேகத்தைக் குறைத்தால் இடையில் ஓட்டை விழுகிறதே? (மாம்பலம் வாசகர்)

ஏற்றலாம். அரைக் கட்டை ஏற்றம் என்றால் ஒரு செமிடோன். ரீ-பிட்ச் முறையில் ஏற்றினால் ஒலி 5.95 சதவீதம் வேகமாகவும் ஓடும், ஆனால் அடியின் கூர்மை சிதையாது. டைம் ஸ்ட்ரெச் முறையில் வேகம் மாறாமல் சுதி மட்டும் மாறும். விலையாக அடிகள் குழைந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கலாம். தாள வாத்தியங்களுக்கு ரீ-பிட்ச், குரலுக்கும் நாகஸ்வரத்துக்கும் ஸ்ட்ரெச். இரண்டு மூன்று செமிடோனுக்கு மேல் போனால் மிருதங்கம் மிருதங்கமாக இருக்காது. அதற்குச் சுதி மாற்றி மறுபடி வாசிப்பதே வழி.

ஓட்டை விழுவது துண்டுகளின் இயல்பு. வேகம் குறையும்போது துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போகின்றன, துண்டின் நீளம் மாறுவதில்லை. ஆகவே பதியும்போதே வேண்டிய வேகத்தைவிடச் சற்று மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டும்போது வால் மட்டும்தான் வெட்டுப்படும், அது அவ்வளவாகக் காதில் உறுத்தாது.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பட்டையைத் தட்டினால் ஒலி பிந்தி வருகிறது. (தாம்பரம் வாசகர்)

ப்ளூடூத்தை விட்டுவிடுங்கள். அதில் 100 முதல் 200 மில்லி நொடி வரை பிந்துவது சாதாரணம். கம்பி ஹெட்ஃபோன் வாங்குங்கள். ஹெட்ஃபோன் துளை இல்லாத டேப்லெட்டுக்கு யூஎஸ்பி-சி மாற்றி சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். உள்ளே ஒலிச் சிப் உள்ளதாகப் பார்த்து, கடையிலேயே சொருகிக் கேட்டு வாங்குங்கள். செயலியில் பஃபர் (ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகள்) அளவு 256 என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லி நொடிதான் தாமதம் கூடும். 1024 என்றால் 21. ஒலி கரகரத்தால் மட்டும் 512-க்கு ஏற்றுங்கள்.

நண்பர் வாட்ஸப்பில் அனுப்பிய லூப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி தடுக்குகிறது. அவர் டேப்லெட்டில் சரியாக ஓடுகிறதாம். (அம்பத்தூர் வாசகர்)

ஒரு நொடி இருக்காது, சில பத்து மில்லி நொடிதான் இருக்கும். காதுக்கு அது பெரிதாகத் தெரிகிறது. எம்பி3 போன்ற சுருக்கிய வடிவங்கள் ஃபைலின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். பாட்டுக் கேட்பதற்கு அது பொருட்டில்லை, லூப்புக்கு அது பள்ளம். வேவ் வடிவத்தில் ஏற்றுமதி செய்து, வாட்ஸப்பில் ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ நிமிடத்துக்கு 8.64 எம்பி, நாலு பார் லூப்புக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் ப்ராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் வந்த ஃபைல் 48-லும் இருந்தால், நல்ல செயலி தானாக மாற்றிக்கொள்ளும். மாற்றாத செயலியில் சுதியும் வேகமும் ஒன்றாக இறங்கியிருக்கும்; அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பழைய சினிமாப் பாட்டிலிருந்து 3 நொடி மட்டும் எடுத்தால் தப்பில்லை என்கிறார்களே? (வடபழனி வாசகர்)

அப்படி ஒரு சலுகை 1957 காப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. வீட்டில் பழகுவதற்கு நறுக்கிப் பார்ப்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிட இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாடல், இசை உரிமையாளர்களிடம் ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வந்த பதிவுக்கு 2020 முடிவு வரை. பாடலுக்கும் இசைக்கும் படைத்தவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டு. பதிவின் காலம் முடிந்தும் இசையின் காலம் முடியாமல் இருக்கலாம். தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகள் எல்லோருக்கும் பொது; ஆனால் அதைப் போன வருடம் ஒருவர் பாடிப் பதிந்த ஒலி பொது இல்லை.

நீங்களே பதிந்த பறைக்கும் இது பொருந்தும். வாசித்தவருக்குச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் கலைஞர் உரிமை இருக்கிறது. எந்த நாள், எவ்வளவு நேரம் வாசித்தார், நறுக்கி மாற்றி வெளியிடச் சம்மதமா, எவ்வளவு பணம் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை அன்றே கொடுங்கள், வெளியீட்டில் பெயரைப் போடுங்கள். இந்த ஒலிகளின் அழகு முழுக்க அவர்கள் கையில் இருந்து வருகிறது. ‘லோக்கல் பெர்குஷன்’ என்று பெயரில்லாமல் போடும் வழக்கம் எங்களுக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

மேடையில் டேப்லெட்டை வைத்து வாசிக்க எதைக் கவனிக்க வேண்டும்? (ராயபுரம் வாசகி)

ஏரோப்ளேன் மோடு, திரை தானாக அணைவதை நிறுத்துவது, பல விரல் சைகைகளை அணைப்பது ஆகிய மூன்றையும் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். நாலைந்து விரலால் பட்டைகளைத் தட்டும்போது சைகை வேலை செய்து செயலி மாறிவிடும் விபத்து அடிக்கடி நடப்பது. சார்ஜர் சொருகியதும் ‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அது எர்த் சுற்றால் வருவது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் வாசியுங்கள், அல்லது மிக்ஸருக்கு முன்னால் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பம் 35 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் சென்னை 40-ஐத் தொடும். வெப்ப எச்சரிக்கை வந்துவிட்டால் ஆறும் வரை எதுவும் செய்ய முடியாது. மாலை நிகழ்ச்சி என்றாலும் மதியமே மேடையில் வைத்துவிடாதீர்கள். நிழலில், கேஸைக் கழற்றி, காற்று படும்படி வையுங்கள். முக்கியமான லூப்புகளை வேவ் ஃபைலாகக் கைபேசியிலும் போட்டு, அதற்கென்று தனியாக ஒரு கம்பியை மிக்ஸரில் சொருகி வைத்திருங்கள்.