அடிப்படைக் கல்வியின் முழுச் செலவையும் அரசே ஏன் ஏற்க வேண்டும்?

"சிறு கட்டணமாவது செலுத்தினால்தானே பெற்றோர் பள்ளியை மதிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கென்யாவின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1980களின் இறுதியில் 'செலவுப் பகிர்வு' என்ற பெயரில் பள்ளிச் செலவின் ஒரு பங்கைப் பெற்றோர் தலையில் சுமத்திய அந்நாட்டில், 2003 ஜனவரியில் ம்வாய் கிபாகியின் அரசு தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும், சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏறத்தாழ 72 லட்சமாக உயர்ந்தது. அத்தனை பேரையும் வெளியே நிறுத்தி வைத்திருந்தது ஆர்வமின்மை அல்ல, பணம்தான். மறு ஆண்டு அந்நாட்டின் எல்டொரெட் நகரில் 84 வயதுக் கிமானி மருகே, அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை காலுறையும் அணிந்து, பேரப்பிள்ளை வயதுச் சிறுவர்களோடு முதல் வகுப்பில் அமர்ந்தார். பைபிளைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனால் கட்டணத்தை நீக்குவது வேறு, நிதி ஒதுக்குவது வேறு. 1994இல் கட்டணத்தை ரத்துசெய்த மலாவியில் மாணவர்கள் சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கினர்; வகுப்பறை போதாமல் மரத்தடியில் பாடம் நடந்தது, முறையான பயிற்சி பெறாதவர்கள் ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். (இதைக் காட்டி இலவசக் கல்வியையே குறை கூறுவோர், அங்கே போதாமல் போனது நிதியே என்பதைச் சொல்வதில்லை.)

ஆகவேதான் தென்கொரியாவின் இன்சியானில் உலக நாடுகள் கூடிக் கல்விக்காக ஏற்ற 2015 இன்சியான் பிரகடனம், அரசுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காட்டை, அல்லது பொதுச் செலவில் 15 முதல் 20 விழுக்காட்டையாவது கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று வரையறுத்தது. கடன் வட்டியிலேயே வருவாயின் பெரும்பங்கை இழக்கும் நாடுகளுக்கு, மற்ற அரசுகளின் உதவியின்றி இந்த அளவு எட்டாது.