மும்பை சோர் பஜாரில் பழைய வாட்ச்: முதலில் டயலைப் பாருங்கள்

கேள்வி: வியாழன் இரவு குடும்பத்தோடு மும்பை போய், ஞாயிறு இரவு திரும்புகிறோம். சோர் பஜாரில் சாவி கொடுக்கும் பழைய வாட்ச் ஒன்று வாங்க ரொம்ப நாள் ஆசை. ஸ்விஸ் வாங்கலாமா, எச்.எம்.டி. வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும்? 5,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பதில்: சோர் பஜாரின் மட்டன் தெருக் கடைகளில் பளபளவென்று இருக்கும் வாட்ச்சைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஐம்பது வருஷம் யார் கையிலோ கிடந்த வாட்ச்சின் டயல் நேற்று அச்சடித்தது போல இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் நேற்று அச்சடித்ததுதான். பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மேலே புதிதாகப் பெயர் எழுதி விற்பது அங்கே ரொம்ப காலமாக நடக்கும் தொழில், வெளிநாட்டில் வாட்ச் சேகரிப்பவர்கள் இதற்கு ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். உள்ளே ஓடுவது அசல் ஸ்விஸ் மெஷினாகவே இருக்கலாம், ஆனால் கேஸ் (வெளிக்கூடு) வேறொரு வாட்ச்சுடையது, முள் இன்னொன்றுடையது. கட்டிக்கொள்ள அழகாக இருந்தால் போதும் என்றால் அதையும் வாங்கலாம், தப்பில்லை. அசல் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ராணுவ முத்திரை, ரயில்வே சின்னம், டாக்டர்களுக்கான சிலுவை, சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் என்று டயலில் கதை அதிகமாக அதிகமாக சந்தேகமும் அதிகமாக வேண்டும். மற்ற டயல்களைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், லென்ஸ் தேவையில்லை. கம்பெனி பெயரின் எழுத்துகள் ஒரே தடிமனாக இருக்கின்றனவா, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வருகின்றனவா, மணிக் குறிகளின் ஓரத்தில் பெயின்ட் ஏறியிருக்கிறதா, ஆறு மணிக்குக் கீழே ‘ஸ்விஸ் மேட்’ என்ற வார்த்தைகள் கோணலாகவோ பாதி மறைந்தோ இருக்கின்றனவா என்பதையெல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நிமிட முள் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றால் அது மாற்றிய முள்ளாக இருக்க வாய்ப்பு அதிகம். லேசாக மஞ்சளாகி, ஓரத்தில் ரெண்டு புள்ளி விழுந்த டயல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், கடைக்காரரே அதைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருப்பார்.

ஸ்விஸ்ஸா எச்.எம்.டி.யா என்றால், உங்கள் பணத்துக்கு எச்.எம்.டி.தான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் அரசு முடிவெடுத்த பிறகும் அந்த மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்த ரிப்பேர்காரர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார், பாகங்களும் கிடைக்கின்றன. எச்.எம்.டி.யின் ஜனதா, பைலட் மாடல்கள் இரண்டிலும் பெரும்பாலும் 0231 என்ற 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கும் சின்னக் கற்கள்) மெஷின் இருக்கும். பைலட் என்றால் கறுப்பு டயல்தான் நினைவில் இருக்க வேண்டும், ஆரஞ்சு, பச்சை என்று வானவில் வரிசையில் அடுக்கியிருப்பவை அநேகமாக எல்லாமே மறுபெயின்ட்.

ஸ்விஸ்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் ஃபேவர்-லூபா, ரோமர், கேமி, வெஸ்ட் எண்ட் மாதிரி பெயர்களைத் தேடுங்கள், பல காலம் இந்தியாவில் விற்றவை என்பதால் மும்பையில் அவை இன்றும் புழங்குகின்றன. இதில் வெஸ்ட் எண்டுக்குத் தனி மவுசு. 1880களில் பம்பாயிலேயே வேர்விட்ட கம்பெனி, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர் கட்டியிருந்த வாட்ச். மவுசு இருக்கும் பெயரைத்தான் புதிதாக எழுதவும் செய்வார்கள், ஆகவே அதில் இரட்டைக் கவனம்.

எந்த வாட்ச்சானாலும் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, தினமும் கேட்பார்கள். திறக்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். உள்ளே துரு, தலை சிதைந்த ஸ்க்ரூ, ரெண்டும் இருக்கக் கூடாது. டயலில் ஃபேவர்-லூபா என்றிருந்தால் மெஷினிலும் அந்தப் பெயர் இருப்பது நல்லது. அப்புறம் ஒரு விஷயம், பின்னால் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல், சுற்றியிருக்கும் கேஸ் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. பட்டை சேரும் இடத்திலும் ஓரங்களிலும் பூச்சு உரிந்து குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

“சர்வீஸ் ஹோ கயா” (சர்வீஸ் ஆகிவிட்டது) என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். சிரித்துவிட்டு, சர்வீஸ் ஆகவில்லை என்றே கணக்குப் போடுங்கள். 5,000 முழுவதையும் வாட்ச்சிலேயே போடாமல் ஊருக்கு வந்து கழுவி எண்ணெய் போட ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். பேரம் பேசும்போது முதலில் சொல்லும் விலையை நம்ப வேண்டாம், உங்களுக்குப் பிடித்த வாட்ச்சை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் பயணத்தில் ஒரு சிக்கல்: வெள்ளிக்கிழமை மட்டன் தெருக் கடைகள் மூடியிருக்கும், அன்று தெருவில் விரித்து விற்கும் ஜும்மா சந்தைதான். அது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், வாட்ச் வாங்கத் தோதான இடமில்லை, காரணம் விற்றவர் மறுநாள் அதே இடத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் வெள்ளியன்று ஊரைச் சுற்றிவிட்டு, சனிக்கிழமை காலை கடைகள் திறந்ததும் போங்கள், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். வாங்கும்போதே கடையின் பெயர் போட்ட சீட்டு ஒன்றும், ஓடவில்லை என்றால் மாற்றித் தருவதாக வாய்வார்த்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டலுக்கு வந்து முழுதாகச் சாவி கொடுத்து, ராத்திரி டயல் மேலே பார்க்கும்படி வைத்துவிடுங்கள். காலையில் நின்றிருந்தாலோ, பத்து இருபது நிமிடம் தள்ளிப் போயிருந்தாலோ, ஞாயிறு பகலில் அதே கடைக்குப் போய் மாற்றிக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கும்.