பிடித்த மீனுக்கு முதல் ஒரு மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் விடுமுறை நாட்களில் ஃபைபர் படகில் போய்த் தூண்டில் போடுவது வழக்கம். சென்ற மாதம் நான்கு கிலோ எடையில் ஒரு பாரை கிடைத்தது. படகின் அடித்தட்டில் வெகுநேரம் துள்ளிக்கொண்டே கிடந்தது. வெயில் படாமல் ஈரச்சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். விடியற்காலையில் பிடித்த மீனை அன்று மதியமே குழம்பு வைத்தும் சதை குழைந்து, சப்பென்று இருந்தது. கடையில் வாங்கும் பாரையே இதைவிட நன்றாக இருக்கிறதே, எங்கே தவறினோம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அந்தத் துள்ளலில்தான் தவறு தொடங்கியது, ஈரச்சாக்கு அதை முடித்துவைத்தது. மீனின் தசையில் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தும், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளும் இருப்பில் இருக்கின்றன. தூண்டிலில் போராடியும் தட்டில் துள்ளியும் சாகும் மீன் இவ்விரண்டையும் செலவழித்துவிடுகிறது. தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, உடல் சூடேறுகிறது. அமிலமும் சூடும் சேர்ந்தால் சதையின் புரதம் தன்னிடமுள்ள நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது. நீங்கள் சட்டியில் கண்ட குழைவு அதுதான். சூரை போன்ற பெரிய மீன்களில் இது கண்ணுக்கே தெரியும்: வெட்டினால் சதை வெளிறி, ஈரம் கசிந்து, பாதி வெந்தது போலிருக்கும்.

சப்பென்று இருந்ததற்கும் காரணம் இதே கணக்கில்தான் இருக்கிறது. மீன் இறந்த பிறகு ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து இனோசினிக் அமிலமாகிறது. மீனுக்கு ருசி தரும் பொருட்களில் இது முக்கியமானது. ஜப்பானியர் சூரையைப் புகையூட்டி உலர்த்திச் செய்யும் கட்டையிலிருந்து ஷிந்தாரோ கொடாமா என்ற வேதியியலாளர் 1913இல் இதை அடையாளம் கண்டார். (நம் பக்கம் சம்பலில் போடும் மாசிக்கட்டையும் அதே சூரை இனத்திலிருந்து வருவதுதான்.) ஏ.டி.பி.யைத் துள்ளித் தீர்த்த மீனில் இந்த ருசிக்கான முதலே குறைவு. போதாக்குறைக்கு, வெப்பத்தில் கிடந்தால் இனோசினிக் அமிலமும் விரைவாகச் சிதைந்து, கடைசியில் கசப்புள்ள வேறொரு பொருளில் போய் நிற்கிறது.

ஆகவே அடுத்த முறை மீன் படகுக்குள் வந்தவுடன், தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்கும் முன்னால், கண்களுக்குச் சற்றுப் பின்னே நடுத்தலையில் கனமான கட்டையால் ஓங்கி ஒரே அடி அடியுங்கள். அடி சரியாக விழுந்தால் உடல் ஒருமுறை வெடவெடத்து, துடுப்புகள் விரிந்து, பின் தளர்ந்துவிடும். உடனே செவுள் மூடியைத் தூக்கி, இரு பக்கச் செவுள்களும் தொண்டைக்கடியில் சேரும் இடத்தைக் கூரிய கத்தியால் அறுத்து, தலை கீழாக இருக்கும்படி ஒரு வாளி கடல்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். மூளை செயலிழந்த பிறகும் இதயம் சிறிது நேரம் துடிப்பதால் இரத்தம் தானாகவே வெளியேறும். தாமதித்தால் உறைந்து சதைக்குள்ளேயே தங்கி, பின்னர் கவுச்சியாக வெளிப்படும். ஜப்பானில் இகெஜிமே என்ற பெயரில் மூளையைக் கூர்முனையால் குத்தி, முதுகுத்தண்டுக்குள் கம்பியைச் செலுத்தி நரம்பையும் அழிக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கம் உங்களுக்குத் தேவைப்படாது. ஓர் அடியும் ஓர் அறுப்பும் போதும்.

அடுத்தது குளிர். உடைத்த ஐஸை மட்டும் பெட்டியில் கொட்டி மீனை மேலே வைத்தால் இடையிடையே காற்று நின்றுவிடுகிறது. ஐஸுடன் சுத்தமான கடல்நீரை ஊற்றிக் கூழ்போலக் கலக்கி, அதில் மீனை மூழ்கவிட்டால் உடல் முழுவதும் ஒரே சீராகக் குளிரும். எவ்வளவு ஐஸ் என்று கேட்டால், 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 கிலோ ஐஸ் உருகினால் கணக்குப்படி போதும். ஆனால் நம் வெயிலும் பெட்டியின் சூடும் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும் என்பதால், கிலோவுக்குக் கிலோ கொண்டுபோவதே சரி. மீன் நன்றாகக் குளிர்ந்ததும் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஓடும் கருஞ்சிவப்பு இரத்தத்தையும் நகத்தால் சுரண்டிக் கழுவி, வயிற்றுக்குள் ஐஸை அடைத்து, உருகும் நீர் வடிந்து போகும்படி வைத்துக் கொண்டுவாருங்கள். சாளை, நெத்திலி போன்ற பொடிமீன்களுக்கு இந்த அடியும் அறுப்பும் ஆகாது. வலையிலிருந்து நேராக ஐஸ் நீரில் கொட்டுவதுதான் அவற்றுக்குச் செய்யக்கூடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும். நான்கு கிலோ மீனை அன்றே சமைக்க வேண்டியதில்லை. மீன் இறந்தபின் உடல் விறைத்திருக்கும்போது வெட்டினால் துண்டு சுருங்கும், சதை பிளக்கும். விறைப்பை நீக்குவதற்காக வளைத்து முறிப்பதோ இன்னும் மோசம். ஐஸில் ஓர் இரவு இருந்து விறைப்பு தானாக இளகிய பாரையை மறுநாள் வறுத்துப் பாருங்கள், ருசி கூடியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ‘ஐஸ் மீன்’ என்றாலே வாங்க மாட்டார்கள். மாலையில் கரைக்கு வரும் படகில், ஐஸ் படாத மீனாகப் பார்த்துத்தான் வாங்குவோம். இது சரியா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஐஸ் போட்ட மீன் பழைய மீன் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அதற்கு ஒரு நியாயமும் உண்டு, கெடத் தொடங்கிய பிறகு ஐஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் குற்றம் ஐஸுக்கு முந்தைய நேரத்தினுடையதே ஒழிய ஐஸினுடையது அல்ல. பிடித்தவுடன் ஐஸில் இறங்கி இரண்டு நாள் ஆன வஞ்சிரம், காலையில் பிடிபட்டு மாலைவரை வெயிலில் கிடந்த வஞ்சிரத்தைவிட நல்ல மீன். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாகவும் கடல்வாசம் மட்டுமே உள்ளதாகவும் இருக்க வேண்டும். வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. கண் மட்டும் சற்று மங்கியிருப்பதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள், ஐஸ் நேராகப் பட்டாலும் கண் மங்கும். கரைக்கு வந்து அரை மணிக்குள் வாங்கி, அப்போதே சமைப்பதானால் உங்கள் பழக்கம் தொடரட்டும். ஆனால் ஒரு பையில் கொஞ்சம் ஐஸ் எடுத்துப் போவதில் நஷ்டமில்லை.

கேள்வி: கானாங்கெளுத்தி சாப்பிட்ட அரை மணியில் எனக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. இதற்குமுன் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. நன்றாக வேகவைத்த மீன்தான்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இதை மீன் ஒவ்வாமை என்று முடிவுகட்டி ஆயுளுக்கும் கானாங்கெளுத்தியைத் துறந்தவர்கள் பலர். முதலில் மருத்துவரிடம் காட்டி, ஒவ்வாமைதானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவல்ல என்றால், இப்படிச் சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் காரணமாக இருக்கலாம். கானாங்கெளுத்தி, சூரை வகைகளின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் குளிராமல் கிடக்கும்போது பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. பாக்டீரியா வேகவைத்தால் சாகும். அது உண்டாக்கிவைத்த ஹிஸ்டமின் கொதித்தாலும் வறுத்தாலும் போகாது, பிறகு ஐஸ் போட்டாலும் குறையாது. நாற்றமும் இல்லாமல் இருக்கக்கூடும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். எனவே இவ்வகை மீன்களை மட்டுமாவது, ஆரம்பம் முதல் ஐஸில் வைத்து விற்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குளத்துக் கெண்டையில் சேற்று வாடை அடிக்கிறது. போக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின். முதல் மழையில் எழும் மண்வாசனையும் இதனால் வருவதுதான். மண்ணில் இனிக்கிறது, மீனில் கசக்கிறது. குளத்திலுள்ள நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் இதை உண்டாக்க, மீன் செவுள் வழியே ஏற்றுத் தன் கொழுப்பில் சேர்த்துவைக்கிறது. பிடித்த மீனை உயிரோடு, தீனி போடாமல், சுத்தமான நீர் ஓடும் தொட்டியில் சில நாட்கள் விட்டுவைத்தால் வெகுவாகக் குறையும். அதற்கு வசதி இல்லையென்றால் தோலையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கிவிட்டு, துண்டுகளைப் புளிக்கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அமிலம் அந்த வாடையைத் தணிக்கும். குழம்பிலும் புளியைச் சற்றுத் தாராளமாகவே விடலாம்.