ஸ்லோ குக்கரில் மசாலா டீ கேக்: மேலே ஏன் ஈரமாகிறது?

கேள்வி: வீட்டில் ஓவன் கிடையாது, ஸ்லோ குக்கர்தான் (குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரம்) இருக்கிறது. அதில் மசாலா டீ கேக் செய்து பார்த்தேன். மேற்பகுதி ஈரமாகப் பிசுபிசுவென்று இருந்தது, டீ வாசமும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஈரத்தைப் பார்ப்போம். மாவிலிருந்து கிளம்பும் ஆவிக்கு வெளியே போக வழி கிடையாது, கண்ணாடி மூடியில் முத்து முத்தாகக் கோத்துத் திரும்பக் கேக் மேலேயே சொட்டும். பாத்திரத்துக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டாக மடித்த சுத்தமான பருத்தித் துணியை விரித்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். துணியின் நான்கு முனைகளையும் மூடியின் கைப்பிடி மேல் சேர்த்து முடிந்துவிட வேண்டும், சூடான அடிப்பாகத்தை நோக்கித் தொங்கவிடக் கூடாது.

அடுத்து வாசம். கேக்கில் மாவும் சர்க்கரையும் சேர்ந்து டீயை அமுக்கிவிடும், அதனால் நாம் குடிக்கிற பதத்தில் டீ போட்டால் போதவே போதாது. 200 மில்லி பாலைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி டீத்தூள் போட்டு 5 நிமிடம் மூடி வையுங்கள். தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறிவிடும். தூளை அழுத்திப் பிழிந்து வடிகட்டினால் கெட்டியான டீ கிடைக்கும். 120 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் குடித்துவிடலாம்!

மசாலாவை மட்டும் பாலில் போடாதீர்கள். ஏலக்காய் 6, கிராம்பு 3, சின்னத் துண்டு பட்டை, கொஞ்சம் மிளகு, இவற்றை நைசாகப் பொடித்து அரை தேக்கரண்டி சுக்குப்பொடியோடு 100 கிராம் வெண்ணெயில் கலந்து உருக்கினால் வாசம் கொழுப்பில் நன்றாக இறங்கும். பச்சை இஞ்சி வேண்டாம், பால் திரிந்துபோகும்.

வெண்ணெய் ஆறியதும் 150 கிராம் நாட்டுச் சர்க்கரை, 2 முட்டை சேர்த்து அடித்து, வெதுவெதுப்பான டீயை ஊற்றி, 190 கிராம் மைதா, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு போட்டுக் கட்டியில்லாமல் கிளறினால் போதும், ரொம்ப அடித்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெள்ளைச் சர்க்கரையிலும் செய்யலாம், ஆனால் ஸ்லோ குக்கரில் மேற்பகுதி ஓவனில் போலச் சிவக்காது, நாட்டுச் சர்க்கரை போட்டால்தான் வெளிறித் தெரியாது.

குக்கர் பாத்திரத்தில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டு மாவை ஊற்றி, குக்கரை ‘ஹை’யில் (அதிகச் சூட்டில்) வையுங்கள். 3 லிட்டர் குக்கரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம், பெரியதில் மாவு மெல்லிசாகப் பரவுவதால் சீக்கிரமே வெந்துவிடும், அதனால் ஒரு மணி நேரத்திலேயே பாருங்கள். அதற்கு முன் மூடியைத் திறக்காதீர்கள், இறங்கிய சூடு திரும்ப ஏறவே நேரம் பிடிக்கும். ஓரம் பாத்திரத்தை விட்டுப் பிரிந்து, நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

பத்து நிமிடம் ஆறவிட்டு பேப்பரைப் பிடித்துத் தூக்கி, தட்டில் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம்தான் நன்றாகச் சிவந்திருக்கும். மறுநாள் மசாலா வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும், விருந்தாளிகளுக்கென்றால் முதல் நாள் இரவே செய்துவிடுங்கள்.