கடை முகப்பில் நிற்பவரைத் தேடுங்கள்

கேள்வி: நாங்கள் ஐவர் கொண்ட மெட்டல் இசைக்குழு. நான்கு ஆண்டுகளாகச் சொந்தப் பாடல்களை இயற்றி வாசித்து வருகிறோம். 12 பாடல்களைப் பதிவு செய்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நாற்பது லேபிள்களுக்கு, அதாவது இசை வெளியீட்டு நிறுவனங்களுக்கு, மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. ஒரு லேபிளின் கவனம் எங்கள்மீது விழ என்ன செய்ய வேண்டும்?
வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: பதில் வராததை உங்கள் இசையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மின்னஞ்சல்களில் பலவற்றை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நாள்தோறும் இசை வந்து குவியும் அலுவலகத்துக்கு, முன்பின் அறியாத குழு 12 பாடல்களை அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதுதான். மெட்டல் இசையில் பெரும்பெயர் பெற்ற சில குழுக்கள் முதலில் எப்படி ஒப்பந்தம் பெற்றன என்று பார்த்தால், குழுவுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் ஒரு மூன்றாம் மனிதர் நிற்பது தெரியும். அவர் ரசிகர்கள் நம்பும் இன்னொரு ரசிகர். நீங்கள் முதலில் தேட வேண்டியது அவரைத்தான் என்பது என் கருத்து.

அயர்ன் மெய்டன் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 டிசம்பரின் கடைசி இரண்டு நாட்களில் கேம்பிரிட்ஜில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு பாடல்களை அவர்கள் பதிவு செய்தார்கள். மூல நாடாவை உடனே விலை கொடுத்து வாங்கப் பணம் இல்லை. பிறகு பணத்தோடு திரும்பிச் சென்றபோது அது அழிக்கப்பட்டிருந்தது. கையில் எஞ்சிய பிரதியைத்தான் அவர்கள் லண்டனின் கிங்ஸ்பரியில் மெட்டல் இசைக்கென்றே நடந்துவந்த அரங்கின் டிஜே நீல் கேயிடம் கொடுத்தார்கள். அவர் அதை அங்கே ஒலிக்கவிட்டார். வருவோர் மீண்டும் மீண்டும் கேட்டதால், அந்த அரங்கின் விருப்பப் பட்டியலில் அவர்களுடைய பாடல் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பட்டியலை லண்டனின் இசை வார இதழ் ஒன்று அச்சிட்டும் வந்தது. அந்தப் பதிவிலிருந்து மூன்று பாடல்களைக் குழுவே 1979 நவம்பரில் 5,000 இசைத்தட்டுகளாக அச்சடித்து அஞ்சல் வழியே விற்றது. அடுத்த மாதமே இஎம்ஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. தட்டை வாங்கக் காசு அனுப்பக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு என்பது அதற்குள் ஊரறிந்த செய்தியாகியிருந்தது.

அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ரசிகர் இதழ் நடத்திவந்த இளைஞர் பிரையன் ஸ்லேகல், உள்ளூர்க் குழுக்களின் பாடல்களைத் திரட்டி 1982இல் ஒரு தொகுப்பு ஆல்பம் வெளியிட்டார். மெட்டல் பிளேட் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அதில் ஓர் இடம் வேண்டும் என்று டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் அல்ரிக் கேட்டபோது அவருடைய குழுவான மெட்டாலிகா இன்னும் முழுமையாக அமைந்தே இருக்கவில்லை. தொகுப்பின் முதல் அச்சில் அந்தப் பெயரே எழுத்துப்பிழையோடு வந்தது என்பது வேறு கதை. அதே ஆண்டில் அக்குழு பதிவு செய்த டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் நகலெடுத்து அஞ்சலில் அனுப்பிக்கொண்டார்கள். நியூ ஜெர்சியில் ஒரு சந்தைக்குள் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜான் ஸசூலாவிடம், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் மெட்டாலிகாவின் கேசட்டைக் கொடுத்தார். ஸசூலா குழுவை நாட்டின் மறுகரையிலிருந்து வரவழைத்தார். ஆல்பத்தை வெளியிட வேறு நிறுவனம் எதுவும் முன்வராததால், மெகாஃபோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தாமே தொடங்கி, 1983 ஜூலையில் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் நடந்த கச்சேரியைப் பார்த்த எலெக்ட்ரா நிறுவனத்தின் மைக்கேல் அலாகோ அவர்களை ஒப்பந்தம் செய்தார். ஒரு கேசட் சந்தைக் கடையிலிருந்து பெருநிறுவனம் வரை போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. நடுவில் எந்தப் படியையும் அவர்கள் தாண்டிக் குதிக்கவில்லை.

நீல் கேயும் ஸ்லேகலும் ஸசூலாவும் நிற்கும் இடத்தில் இன்று யார் நிற்கிறார்கள்? சிறிய விழாக்களுக்குக் குழுக்களைத் தெரிவு செய்பவர், மெட்டல் விமரிசனம் மட்டும் எழுதுபவர், குழுக்கள் தம் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் வாரந்தோறும் புதியவற்றைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர், உங்களைவிட ஒரு படி மேலே இருக்கும் மூத்த குழு ஆகியோர்தாம். அவர்களுக்கு அனுப்பும்போது 12 பாடல்கள் வேண்டாம். மிகச் சிறந்த மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலும் வலுவானதை முதலில் வைத்து, ஒரே இணைப்பாக அனுப்புங்கள். நீண்ட அறிமுக இசை இருந்தால் அதைக் கச்சேரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; கேட்பவர் அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். மெட்டலில் பதிவின் தரம் பெரும்பாலும் டிரம்ஸில்தான் வெளிப்படும். பெரிய டிரம்மை இரு கால்களாலும் அடிக்கும் இரட்டைப் பெடலும், சுருதி இறக்கிய கிட்டாரும், பேஸும் ஒரே தாழ்ந்த அலைவரிசையில் மோதிக்கொண்டால் எவ்வளவு நல்ல பாடலும் குழம்பிப்போகும். எனவே கையில் உள்ள பணத்தைக் காணொளிக்கு முன் டிரம்ஸ் பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் செலவிடுங்கள்.

லேபிளுக்கு எழுதும் நாள் வந்ததும், நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாமல், உங்கள் வகை இசையை வெளியிடும் நான்கைந்து பேருக்கு மட்டும் எழுதுங்கள். அவர்களுடைய அண்மைய வெளியீடுகளைக் கேட்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிய வேண்டும். மெதுவான, கனத்த டூம் மெட்டல் மட்டுமே வெளியிடும் நிறுவனத்துக்கு, வேகமும் மெட்டும் நிறைந்த பவர் மெட்டல் அனுப்புவதால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண். கடந்த ஓராண்டில் எந்த ஊர்களில் எத்தனை கச்சேரிகள் செய்தீர்கள், எத்தனை பிரதிகள் விற்றீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். 80 பிரதிகள் விற்றிருந்தால் 80 என்றே எழுதுங்கள். சிறிய லேபிளுக்கு அதுவும் ஒரு செய்திதான்.

கேள்வி: எங்கள் ஆல்பத்தை வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்துள்ளது. ஆனால் வெளியீட்டுச் செலவை நாங்களே கட்ட வேண்டும் என்கிறது. புகழ்பெற்ற அமெரிக்க மெட்டல் குழுவான ஸ்லேயரே முதல் ஆல்பத்துக்குத் தம் பணத்தைப் போட்டதாகப் படித்தேன். சம்மதிக்கலாமா?
வாசகர், சென்னை.

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 1983இல் வந்த அந்த ஆல்பத்துக்குப் பாடகர் டாம் அராயாவின் சம்பாத்தியமும், கிட்டார் கலைஞர் கெரி கிங்கின் தந்தை கொடுத்த கடனும் செலவாயின. ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்பதைக் கவனியுங்கள். அது பாடல்களைப் பதிவு செய்யச் செலவானது. தட்டை வெளியிட்டு விற்கும் பொறுப்பு மெட்டல் பிளேட்டினுடையதாக இருந்தது. தவிர, குழுவை ஒரு கேளிக்கை விடுதி மேடையில் கண்டு தம் தொகுப்புக்கு அழைத்தவரே ஸ்லேகல்தான். உங்களிடம் பணம் கேட்கும் நிறுவனமோ, ஆல்பம் விற்றாலும் விற்காவிட்டாலும் முன்கூட்டியே லாபம் பார்த்துவிடுகிறது. அதை விற்றாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறுத்துவிட்டு, அதே தொகையில் நானே 200 குறுந்தட்டுகள் அச்சடிப்பேன்.

நேர்மையான ஒப்பந்தத்திலும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். லேபிள் தரும் முன்பணம் அன்பளிப்பு அன்று. உங்கள் ராயல்டியிலிருந்து அது முழுவதும் கழிந்த பிறகே உங்களுக்குப் பணம் வரும். காணொளிச் செலவும் சுற்றுப்பயணச் செலவும் அந்தக் கழிவில் சேருமா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூல ஒலிப்பதிவின் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு அவர்களிடம் இருக்கும், இன்னும் எத்தனை ஆல்பங்களுக்கு நீங்கள் கட்டுப்பட்டிருப்பீர்கள், குழு கலைந்தால் பெயர் யாருக்கு என்பவை அடுத்த கேள்விகள். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: லேபிள் இல்லாமலே வெளிநாட்டு மேடை ஏற வழி உண்டா?
வாசகர், மதுரை.

பதில்: உண்டு. ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழா, ஒப்பந்தம் இல்லாத குழுக்களுக்காக 2004 முதல் மெட்டல் பேட்டில் என்ற போட்டியை நடத்திவருகிறது. நாடுவாரியாகச் சுற்றுகள் நடக்கும். வென்ற குழு விழா மேடையில் வாசிக்கும். போட்டி வழியாக மட்டுமே போக முடியும் என்றும் இல்லை. பாடல்களைக் கேலியாக மாற்றி யூடியூபில் பதிவிடத் தொடங்கிய டெல்லியின் பிளட்டிவுட் குழு, பிறகு டோலும் பஞ்சாபியும் கலந்த சொந்தப் பாடல்களால் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டு, எந்த லேபிளும் இல்லாமல் 2019இல் வாக்கனில் வாசித்தது. 2022இல் முதல் சொந்த ஆல்பத்தையும் தாமே வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஃபியர்லெஸ் நிறுவனத்தின் பெயரோடு அவர்களுடைய ஆல்பம் வந்தது 2025இல்தான்.