சிவப்பு எரிகிறது, போலீஸ் கைகாட்டுகிறார்: எதற்குக் கட்டுப்படுவது?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறேன் சார். போன மாதம் ஒருநாள் காலை மனைவியைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கு. நடுவில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் எங்கள் வரிசையைப் பார்த்து 'வா வா' என்று கைகாட்டினார். எல்லோரும் போனோம், நானும் போனேன். பத்து நாள் கழித்து சிக்னலை மீறியதாக சலான் வந்திருக்கிறது. விளக்கைப் பார்ப்பதா, போலீஸைப் பார்ப்பதா? பேசாமல் அபராதத்தைக் கட்டிவிடவா?

பதில்: கட்டிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால் உங்கள் மேல் தப்பே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 119-வது பிரிவு வண்டி ஓட்டுகிறவர் எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும் என்று சொல்கிறது. கட்டாய அறிவிப்புப் பலகை, மின்சார சிக்னல், அந்த நேரத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கிற போலீஸ் அதிகாரியின் உத்தரவு ஆகிய மூன்றும் அதில் வருகின்றன. விளக்கு ஒன்று சொல்லி, போலீஸ்காரர் வேறு சொன்னால்? 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளின்படி, சீருடையில் நிற்கும் போலீஸ்காரரின் சைகைக்குத்தான் முன்னுரிமை. பச்சை எரியும்போது அவர் நிறுத்தச் சொன்னாலும் இதே கதைதான், நிற்க வேண்டும். 'பச்சைதானே' என்று போனால் 179-வது பிரிவில் 2,000 ரூபாய் வரை அபராதம் வரலாம்.

ஆனால் ஒன்றை உங்களிடம் கேட்டே ஆக வேண்டும். அவர் கைகாட்டியது உங்களுக்குத்தானா? நான்கு பக்கமும் வண்டி முட்டி நிற்கிற இடத்தில் எதிர் வரிசையைக் கூப்பிட்ட கையை நமக்கென்று நினைத்துக் கிளம்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உங்களைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால் 'நில்' என்று அர்த்தம். உங்கள் பக்கம் முகம் திருப்பி, தன்னை நோக்கிக் கையை அசைத்துக் கூப்பிட்டால்தான் 'வா'. மனைவியோடு உட்கார்ந்து அந்தக் காட்சியை ஒருமுறை ஞாபகப்படுத்திப் பாருங்கள். நெரிசலில் இறங்கி 'போங்க போங்க' என்று வழிவிடுகிற கடைக்காரரோ ஆட்டோக்காரரோ நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அவர்கள் சொல்லி சிவப்பில் போனால் சட்டம் உங்களைக் காப்பாற்றாது.

சரி, இப்போது சலான். அதில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, பிரிவை. 119-உடன் 177 என்று இருந்தால் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, அடுத்த தடவைக்கு 1,500 வரை. 184 என்று இருந்தால் அசட்டையாக விடவே கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் 'ஆபத்தாக ஓட்டுதல்' என்ற அந்தக் குற்றத்துக்குள் வரும். முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது சட்டம். போதாததற்கு, சிவப்பைத் தாண்டினால் லைசென்சைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. 'ஐந்நூறு ரூபாய்தானே, தலைவலி தீரட்டும்' என்று பணம் கட்டுகிறவர்கள் செய்யாத தப்பைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த லிங்கைத் தொடாதீர்கள். சலான் பெயரில் ஆப்பை இறக்கவைத்துப் பணத்தைச் சுருட்டுகிற மோசடி நிறைய நடக்கிறது. அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அதில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் நம்பர் பிளேட்டை விட்டுவிட்டு ஓரங்களைக் கவனியுங்கள். வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட்டில் ஒருவர் நிற்கிறாரா? நீட்டிய கை ஒன்றாவது விழுந்திருக்கிறதா? அவர் படத்தில் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். உங்களோடு ஐந்தாறு வண்டிகள் சேர்ந்து கோட்டைத் தாண்டுகின்றன, குறுக்குச் சாலையில் பச்சை இருந்தும் வண்டிகள் அப்படியே நிற்கின்றன என்றால், யாரோ அவர்களை நிறுத்தி உங்களை விட்டிருக்கிறார் என்று அந்தப் படமே பேசும்.

கேமரா மூலம் போடும் வழக்குகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 167ஏ விதி இருக்கிறது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், படத்தில் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும், தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. உங்களுக்குப் பத்து நாளில் வந்துவிட்டதால் காலதாமதம் என்ற வாதம் எடுபடாது. மற்றவற்றைச் சரிபாருங்கள்.

இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யுங்கள். கூடவே போக்குவரத்துக் காவல் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் போடுங்கள். 'இன்ன தேதி, இன்ன நேரம், பணியில் இருந்த காவலரின் சைகைப்படி கடந்தேன், அந்த நேரத்து வீடியோவை அழிக்காமல் பாதுகாத்துப் பரிசீலியுங்கள்' என்று நான்கு வரி போதும். அந்த நேரத்தில் அந்த சிக்னலில் யாருக்குப் பணி போட்டிருந்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விஷயம் கோர்ட்டுக்குப் போனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் நில்லுங்கள். பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவி நேரடி சாட்சி, தாராளமாகக் கூண்டேறிச் சொல்லலாம்.

கடிதத்தை மட்டும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். கேமரா பதிவுகளை எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள், பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். உங்கள் வழக்கு நிற்பதே அந்தச் சில நொடி வீடியோவில்தான்.