பனிக்காலத்தில் கோழியை அடை வைக்கலாமா?

கேள்வி: கண்டனூர் பக்கம் ஒரு கிராமம். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுப் பின்கட்டில் 6 சிறுவிடை நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். போன மார்கழியில் 15 முட்டை வைத்ததில் 5 மட்டுமே பொரித்தது. அதிலும் 3 குஞ்சு ஒரு வாரத்துக்குள் விடியற்காலையில் விறைத்துக் கிடந்தன. மீதி இரண்டில் ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டது. இப்போது அதே கோழி மறுபடி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. வைக்கலாமா, பனி போகட்டும் என்று விடலாமா?

பதில்: வையுங்கள், அம்மா. பனி முழுசாக விலக மாசி பிறந்துவிடும். அதுவரை அடைக்குணம் காத்திருக்காது. நம் பக்கத்தில் மார்கழி விடியலில் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. கோழியின் வயிற்றுச் சூட்டுக்கு இது பெரிய குளிரே இல்லை. போன தடவை கெடுத்தது முட்டைக் கணக்கும் ஈரமும் வழவழத் தரையும்தான்.

சிறுவிடைக் கோழிக்கு வெயில் காலத்தில் 12 முட்டை வரை வைக்கலாம். பனிக்காலத்தில் 8, மிஞ்சினால் 9. ஓரத்து முட்டை நாலு போனாலும் நடுவில் இருப்பது பொரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. கோழி அலகால் முட்டைகளை உருட்டிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். ஆகவே 15 முட்டையும் முறைவைத்துக் குளிர்ந்துபோகும். நன்றாக இருந்த கருவும் சாகும். கோழி உட்கார்ந்ததும் குனிந்து சுற்றிலும் பாருங்கள். இறகுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

முட்டை இட்டு 7 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கழுவ வேண்டாம், கீறல் விழுந்தது வேண்டாம், குளிர்பதனப் பெட்டியில் இருந்தது வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். அடையில் இருக்கும்போதே மற்ற கோழிகள் வந்து அதே இடத்தில் முட்டையிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுக்காவிட்டால், முதல் குஞ்சு வந்ததும் தாய் எழுந்துவிடும். பிந்தியவை பாதிக் கருவோடு நின்றுவிடும்.

அடைக்கு வாயகன்ற மண்சட்டியோ மூங்கில் கூடையோ போதும். சட்டியைத் தரையில் நேராக வைக்காமல் பலகையோ மடித்த சாக்கோ போட்டு அதன்மேல் வையுங்கள். அடியில் ஒரு விரல்கடை அடுப்புச் சாம்பல், அதன்மேல் இரண்டு விரல்கடை காய்ந்த மணல், மேலே நறுக்கிய வைக்கோல். கோடைக்கு மணலை ஈரமாக்குவது சரி. இப்போது காய்ந்த மணல்தான். நடுவில் லேசாகக் குழி இருக்கட்டும். குழி ஆழமானால் முட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். சாம்பலில் வேப்பிலைப் பொடி கலந்து கோழியின் இறக்கையடியிலும் வாலடியிலும் தேய்த்துவிடுங்கள். செல் என்கிற கோழிப்பேன் கடித்தால் எந்தக் கோழியும் இரவில் அடையைவிட்டு இறங்கிவிடும். இடியில் முட்டை கூமுட்டையாகும் என்று கரித்துண்டும் ஆணியும் போடுவார்கள். போடுங்கள், தீங்கில்லை. ஆனால் கெடுப்பது இடியல்ல, அந்த மழையில் கூரை ஒழுகி இறங்கும் ஈரம்.

தினம் ஒருமுறை, வெயில் ஏறிய பிறகு 11 மணிவாக்கில், கோழியை இறக்கிக் கம்பும் தண்ணீரும் வையுங்கள். தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தூக்க வேண்டும். 15 நிமிஷத்தில் திரும்பிவிடட்டும். 7-ஆம் நாள் இருட்டில், கைபேசி விளக்கின்மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். சிலந்திவலைபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாக இருப்பதையும் ரத்த வளையம் மட்டும் தெரிவதையும் எடுத்துவிடுங்கள்.

18-ஆம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். 21-ஆம் நாள் பொரிக்காவிட்டால் பதற வேண்டாம். குளிர் பட்ட அடையில் ஒன்றிரண்டு நாள் தள்ளும். 23 வரை பொறுங்கள். ஓட்டை நாமே உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும். முதலில் வந்த குஞ்சைத் தனியாகப் பெட்டியில் போடாமல் தாய்க்கடியிலேயே விடுங்கள். உள்ளே மிஞ்சிய மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு அதற்கு ஆகாரம்.

கால் விரிந்ததற்கு உங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல்தான் காரணமாக இருக்கும். அந்த வழவழப்பில் பிஞ்சுக்கால் ஊன்றாமல் இருபக்கமும் சறுக்கும். குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடைக்கடியில் உமியை இரண்டு அங்குலம் பரப்புங்கள், நனைந்த இடத்தை அன்றே மாற்றுங்கள். விரிந்த கால் முதல் இரண்டு நாளுக்குள் தெரிந்தால், மெத்தென்ற நூலால் இரு காலையும் நடக்க இடம் விட்டு இணைத்துக் கட்டினால் மூன்று நாலு நாளில் பெரும்பாலும் நேராகும்.

விடியலில் விறைத்தவை பனியில் நனைந்தவையாக இருக்கும். தாய்க்கோழி விடிந்ததும் புல்லுக்குள் இறங்கும், குஞ்சும் பின்னால் ஓடும். பூஞ்சிறகு நனைந்தால் நிமிஷத்தில் சூடு இறங்கிவிடும். முதல் இரண்டு வாரம் பனி உலர்ந்து 9 மணி ஆகுமுன் பஞ்சாரத்தைத் தூக்காதீர்கள். இரவில் பக்கவாட்டில் மட்டும் சாக்கு சுற்றுங்கள். மேலே காற்றுப் போக வேண்டும். இடைவிடாமல் கீச்சுக் கீச்சென்று கத்தினால் குளிர் என்று அர்த்தம். விறைத்த குஞ்சுக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் முதலில் துடைத்து உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். கண் திறந்து நின்ற பிறகு வெதுவெதுப்பான கருப்பட்டித் தண்ணீர். விளக்குச் சூடு தேவைப்பட்டால் 40 வாட் குண்டு பல்பு. எல்.ஈ.டி. பல்பில் வெளிச்சம் வரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தால் புகையே கொன்றுவிடும்.

குருணை மட்டும் போட்டால் குஞ்சு தேறாது, புரதம் வேண்டும். நம் செம்மண்ணில் கறையானுக்குப் பஞ்சமில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் ஓடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் அள்ளலாம். பூச்சிமருந்து ஊற்றிய இடம் மட்டும் வேண்டாம். கூடவே கடையில் விற்கும் குஞ்சுத்தீவனமும் வையுங்கள்.

பனிக்காலத்தில் வெள்ளைக்கழிச்சல் சுற்றும். குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, 8-ஆம் வாரம் இறக்கைத் தோலடியில் தடுப்பூசி. மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒன்றிரண்டு குஞ்சுக்காகக் குப்பியை உடைக்கிறோமே என்று யோசிக்காமல் தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்களையும் அதே நாளில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குஞ்சுக்குக் கழிச்சல் வந்தால் உங்கள் பின்கட்டுக்கும் வந்துவிடும்.